ஒரு வாரப் பனியும் சம்பா மகசூலும்

குளிர்காலம் என்றவுடன் நம்மில் பலர் நீலகிரியில் புற்றரை மீது உறைபனி வெண்மையாகப் படிந்து கிடப்பதையும், பஞ்சாபில் கோதுமை வயல்கள் பகல் ஏறும் வரையில் மூடுபனியில் மறைந்து நிற்பதையுமே நினைக்கிறார்கள். வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அத்தகைய குளிர் கிடையாது. தை மாதத்து விடியற்காலையிலும் இங்கே உஷ்ணமானி சாதாரணமாக 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். ஆகையால் இக்கரையோரத்து மிராசுதார்களும் சாகுபடிதாரர்களும் குளிரைப் பயிருக்குரிய விஷயமாகக் கருதுவதில்லை. போர்வை தேடவேண்டிய காலம் என்ற அளவில் அதை விட்டுவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் சரியன்று என்பதே நமது அபிப்பிராயம். பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பா நெல்லின் மகசூலையும், அதன் பின்வரும் உளுந்தின் மகசூலையும் நிர்ணயிப்பதில் ஐப்பசி வெள்ளத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, மார்கழி, தை மாதங்களில் தொடர்ந்தாற்போல் வரும் ஒரு வாரப் பனிக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு. வெள்ளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், நிவாரணம் கேட்கிறார்கள். பனியை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காத காரணத்தால் அதன் முன்னறிகுறியை அறியும் வழியும் நம்மிடம் இல்லாமற் போகிறது.

பனி உண்டாகும் விதம்

தமிழ்நாட்டின் கரையோர ஜில்லாக்கள் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை வடகிழக்குப் பருவக்காற்றினாலேயே பெறுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூமி நன்றாக நனைந்து, வீராணம் ஏரி நிரம்பி, கீழணையிலிருந்தும் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலிருந்தும் வரும் வாய்க்கால்களில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். மார்கழி பிறந்து மழை ஓய்ந்தபின் வானம் தெளிகிறது. தெளிந்த வானத்தின் கீழ் தரையும் இலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விரைவாக இழந்துவிடுகின்றன. காற்றும் அடங்கியிருந்தால், குளிர்ந்த இலையின் மேல் காற்றிலுள்ள ஈரம் துளிதுளியாகப் படிகிறது. நஞ்சை முழுவதும் தண்ணீர் நிற்கும் காலமாகையால் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இவ்விதமாக நமது தாலுகாக்களில் பனி மிகுதியாக விழுவதற்கு வேண்டிய எல்லாம் ஒரே சமயத்தில் கூடுகின்றன.

கரைக்கும் உள்நாட்டுக்கும் இதில் வித்தியாசம் உண்டு என்பதையும் கவனிக்கவேண்டும். கடலை ஒட்டிய கிராமங்களில் கடலின் வெதுவெதுப்பு இரவில் உஷ்ணத்தை அதிகம் இறங்கவிடுவதில்லை. மேற்கே செல்லச் செல்ல இரவின் குளிர் அதிகரிக்கிறது. பரங்கிப்பேட்டையில் இந்திய வானிலைத் துறையின் ஆய்வு நிலையம் இருப்பது நமக்கு ஒரு பாக்கியம். ஆயினும் அங்கே பதிவாகும் உஷ்ணம் அந்த இடத்துக்கு உரியது. புவனகிரிக்கு மேற்கே ஒரு தாழ்ந்த நஞ்சையில் அதே இரவு எவ்வளவு குளிர்ந்தது, பனி எத்தனை மணிக்கு உலர்ந்தது என்பதை அந்தக் கிராமத்தாரே பார்த்தால்தான் தெரியும்.

ஏழு நாள் அறிகுறி

நெற்பயிரைத் தாக்கும் வியாதிகளில் குலை நோய் மிகவும் பழமையானதும் மிகவும் கொடியதுமாகும். 1919-ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் இது பேரளவில் பரவிச் சேதம் விளைத்த செய்தி நமது இலாகாவின் சரித்திரத்தில் முக்கியமான ஒன்று. இது ஒரு பூசணத்தினால் உண்டாவது. முதலில் இலையில் கண் போன்ற வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட புள்ளிகள் தோன்றும். பிறகு கணுக்கள் கறுக்கும். கதிர் வெளிவரும் தருணத்தில் கதிரின் கழுத்தைப் பற்றினால் அவ்விடம் கறுத்து ஒடிந்து, கதிர் தொங்கிவிடும். பால் பிடிக்கும் முன்னரே கழுத்து பழுதானால் அந்தக் கதிரில் ஒரு மணியும் தேறாது. பிறகு பழுதானால் அரைகுறையாகத் தேறும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளுத்து நிமிர்ந்த கதிர்கள் முற்றிய கதிர்களாகவே தோன்றும். கையில் எடுத்துப் பிசைந்தால் பதர்.

இந்த நோயை முன்கூட்டியே அறிவதற்கு ஆராய்ச்சியாளர்கள் எளிய அளவு ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இரவின் குறைந்தபட்ச உஷ்ணம் 20 முதல் 26 டிகிரி வரையிலும், காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்து, இந்நிலை ஒரு வாரமோ அதற்கு அதிகமாகவோ நீடிக்குமானால் குலை நோய் வரும் என்று எதிர்பார்க்கலாம். நாற்றங்காலில் ஒரு முறை, தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறை, கதிரின் கழுத்து வெளிவரும் பருவத்தில் ஒரு முறை என மூன்று சமயங்களில் பயிர் இந்நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கிறது. நமது பகுதியில் புரட்டாசி, ஐப்பசியில் நட்ட சம்பாவும், முன்னதாக நேரடியாக விதைத்த சம்பாவும் கழுத்து வெளிவருவது பெரும்பாலும் மார்கழியில். பனி வாரம் வருவதும் அப்பொழுதே. உஷ்ணம், ஈரம், பருவம் என்ற மூன்றும் இவ்வளவு பொருத்தமாகச் சந்திக்கும்போது, ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மூலையில் குலை நோய் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

‘ஆந்திரா பொன்னி’ என்று வழங்கும் பி.பி.டி. 5204 போன்ற சன்ன ரகங்கள் இந்நோய்க்கு மிகவும் இளகியவை. வியாபாரிகள் அதிக விலை தருகிறார்கள் என்பதனால் அவற்றைப் பயிரிடுவதை நாம் குறை கூறவில்லை. விலை உயர்ந்த ரகத்தைப் போடுகிறவர் அதற்கேற்ற காவலையும் போடவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

மழைக்குச் சாட்சி உண்டு. பனிக்குச் சாட்சி இல்லை

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது நமது குடியானவர் வாயில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. பெரும்பாலான ஆண்டுகளில் அது பொய்ப்பதில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பொங்கலை ஒட்டி நாட்கணக்காகப் பெய்த மழையை எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை ஜனவரி 19-ஆம் தேதியன்றுதான் விலகியது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. அரசாங்கம் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று நிர்ணயித்து, மாநிலமெங்கும் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்காக 1,116 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. மீண்டும் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் இதே போன்ற மழை டெல்டா ஜில்லாக்களைத் தாக்கியபோதும், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணமும், உளுந்து கெட்டவர்களுக்கு ஏக்கருக்கு 8 கிலோ பயறு விதை பாதி விலையிலும் அறிவிக்கப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வருவாய் இலாகாவினரும் விவசாய இலாகாவினரும் வயலுக்குச் சென்று கணக்கெடுக்க முடிந்தது. மழை பெய்த தேதி தெரியும். நின்ற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். சாய்ந்த பயிரைப் படம் எடுக்கலாம். பனியினால் வரும் சேதமோ அப்படிப்பட்டதன்று. ஓசையில்லாமல் வந்து, ஒரு வயலில் கால் பங்கும் அடுத்த வயலில் அரைப் பங்கும் தின்றுவிட்டுப் போகிறது. களத்தில் நெல்லைத் தூற்றும்போதுதான் உடையவருக்கே கணக்குத் தெரிகிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் சமாதானம் அடைகிறார்கள். 2016-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பூச்சி, நோய்களால் வரும் மகசூல் குறைவும் அடங்கும் என்பது உண்மையே. ஆயினும் அந்தக் குறைவு பயிர் அறுவடைப் பரிசோதனைகளைக் கொண்டு கிராமத்தின் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. கிராமத்தில் பத்துப் பேர் வயல் பதராகி, மற்றவர் வயல் நன்றாக விளைந்திருந்தால் சராசரி குறையாது. அந்தப் பத்துப் பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆகையால் குலை நோயைப் பொறுத்தமட்டில் வருமுன் காப்பதைத் தவிர வேறு காப்பீடு இல்லை என்றே கொள்ளவேண்டும்.

பனி வாரத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, தழைச்சத்தைப் பற்றியது. கதிர் வரும் சமயத்தில் பயிர் சற்று வெளுத்துத் தோன்றினால் உடனே யூரியாவை வாரி இறைப்பது பலருடைய வழக்கம். அதிகத் தழைச்சத்து பயிரை மென்மையாக்குகிறது, இலைகளை அடர்த்தியாக்குகிறது. அடர்ந்த பயிருக்குள் காற்றுப் புகாமல் பனி பகல் வரையில் தங்குகிறது. பூசணத்துக்கு வேண்டியது இவ்விரண்டுமே. இலையில் கண் வடிவப் புள்ளி தென்பட்ட வயலில், நோய் அடங்கும் வரையில் மேலுரத்தை நிறுத்தி வைக்கவேண்டும். நோயில்லாத வயலிலும் சிபார்சு செய்த அளவுக்கு மேற்படாமல், தவணைகளாகப் பிரித்து, இலை உலர்ந்த பிறகே தூவவேண்டும்.

இரண்டாவது, வரப்பைப் பற்றியது. குலை நோய்ப் பூசணம் நெல்லில் மட்டும் வாழ்வதன்று. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வளரும் சில புல்லினங்களிலும் தங்கியிருந்து வயலுக்குள் இறங்குகிறது. மழை ஓய்ந்தவுடன் வரப்பைச் செதுக்கித் துப்புரவு செய்வது ஒருவர் இருவர் செய்தால் போதாது. ஒரே மடையில் பாயும் நிலத்தார் யாவரும் சேர்ந்து செய்யவேண்டும்.

மூன்றாவது, மருந்தைப் பற்றியது. கழுத்து கறுத்த பின் அடிக்கும் மருந்து கையிலுள்ள பணத்தைச் சேற்றில் போடுவதற்கு ஒப்பாகும். ஏழு நாள் அறிகுறி தெரிந்து, வயலில் இலைப்புள்ளியும் இருந்து, கதிர் வெளிவரும் தருணமாகவும் இருந்தால், அப்பொழுதே வட்டார விவசாய விரிவாக்க மையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் தெளிக்கவேண்டும். கடைக்காரர் கொடுக்கும் கலவையை வாங்கித் தெளிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. நோய் கண்ட வயலிலிருந்து விதைக்கு நெல் எடுக்கலாகாது என்பதையும், விதைப்பதற்கு முன் கிலோவுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் நுண்ணுயிர்ப் பொடியைக் கலந்து விதை நேர்த்தி செய்வது நன்று என்பதையும் இங்கே ஞாபகப்படுத்துகிறோம்.

அதே பனி, உளுந்துக்கு

நெல்லுக்குச் சத்துருவாகிய இந்தப் பனியையே நமது முன்னோர் உளுந்துக்கு மித்திரனாக்கிக் கொண்டார்கள். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், நிற்கும் பயிரின் ஊடே உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். உழவும் இல்லை, பாசனமும் இல்லை. பயிரைத் தாங்குவது மண்ணில் எஞ்சிய ஈரம். விடியற்காலையில் இலையில் நிற்கும் பனி, வெயில் ஏறி அது உலரும் வரையில் இலை நீரை இழக்காமல் காப்பதால், அந்த எஞ்சிய ஈரம் மேலும் சில நாட்களுக்கு வருகிறது.

இங்கும் தேதியை நம்பிக் கெடுகிறவர் அநேகர். பொங்கல் கழிந்த மறுநாள் தெளிப்பது, அடுத்த வயல்காரர் தெளித்தவுடன் தெளிப்பது என்பவை முறையல்ல. மண் மெழுகுப் பதத்தில் இருக்கவேண்டும். கால் வைத்தால் பதிய வேண்டும். பதிந்த குழியில் தண்ணீர் ஊறக்கூடாது. தண்ணீர் நின்றால் விதை அழுகும். வெடிப்பு விட்ட பின் தெளித்தால் முளைக்காது. 2021-இல் போல் தை மாதத்தில் மழை இருக்குமானால் வடித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். மழையே இல்லாத ஆண்டில் முந்திக்கொள்ள வேண்டும். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதுமானது. பூக்கும் சமயத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறு முறையும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளித்தால் காய்பிடிப்பு மிகும். அறுவடை இயந்திரத்தை ஈரவயலில் இறக்கும்போது, முளைத்த உளுந்து சக்கரத்தின் கீழ் நசுங்கிப் போகிறது. சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை பூட்டிய இயந்திரம் கிடைக்குமானால் அதையே அமர்த்துவது நலம்.

அறுவடையிலும் பனியைக் கவனிக்கவேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொதுவான விதி. இயந்திரம் கிடைத்ததே போதும் என்று பனி உலராத காலையில் அறுத்துக் குவித்துவிட்டு, பிறகு சாலையோரத்தில் நெல்லைக் காயவைத்துக்கொண்டு நாட்கணக்காகக் காத்திருப்பதைக் காட்டிலும், கதிர் உலரும் வரையில் பொறுத்து நண்பகலில் அறுப்பது இலாபம். இரவில் குவியலைத் தார்ப்பாயால் மூடாதவருக்கு, பகலில் காய்ந்தது விடிவதற்குள் மீண்டும் ஈரமாகிவிடும்.

கிராமத்துக்கு ஒரு பனிக் குறிப்பேடு

மேலே சொன்ன யாவும் ஒரு விஷயத்தைச் சார்ந்திருக்கின்றன: பனி எப்பொழுது தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது என்று கிராமத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் பயிரின் பெயரும் பரப்பும் பதிவாகின்றன. கதிர் வெளிவந்த நாள் பதிவாவதில்லை, பனியும் பதிவாவதில்லை. ஆகையால் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி முதல் பத்து நாள் வரையில், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பனிக் குறிப்பேடு வைக்கவேண்டும் என்று பிரேரேபிக்கிறோம்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் உஷ்ணமானியும், ஒரு மழைமானியும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நான்கு கலங்கள் போடவேண்டும். விடியற்கால உஷ்ணம் எவ்வளவு. முந்திய நாள் மழை எவ்வளவு. நெல் இலையின் மேல் பனி எத்தனை மணிக்கு உலர்ந்தது. பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது. ஈரப்பதத்தை அளக்கும் கருவி இல்லாத இடத்தில் பனி உலர்ந்த மணியே ஒருவாறு அதற்குப் பதிலாக நிற்கும். பகல் 9 மணிக்கும் இலை நனைந்திருக்கிறது என்று நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் எழுத நேர்ந்தால், ஏழாவது நாள் வரையில் காத்திராமல் கிராமத்தார் யாவரும் தங்கள் வயலில் இறங்கி இலையைப் பார்க்கவேண்டும். அந்தக் குறிப்பைப் பள்ளி, பால் கூட்டுறவுச் சங்கம் போன்ற யாவரும் கூடும் இடத்தில் எழுதிப் போட்டால் செய்தி அரை நாளில் ஊர் முழுவதும் பரவிவிடும்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் இரண்டு. கைப்பேசியில் வானிலைச் செய்தி வரும்போது நோட்டுப் புத்தகம் எதற்கு என்பது ஒன்று. கைப்பேசியில் வருவது பெரும் பரப்புக்கு உரிய முன்னறிவிப்பு. அது மிகவும் உபயோகமானதே. ஆனால் உங்கள் வாய்க்காலின் கடைமடையில் பனி எத்தனை மணிக்கு உலர்ந்தது என்பதை அது சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே முழுப் பயன். கிராம உத்தியோகஸ்தருக்கு ஏற்கெனவே வேலை மிகுதி என்பது மற்றொன்று. அது நியாயமே. ஆகையால் எழுதும் பொறுப்பை, தினமும் விடியலில் வயலுக்குப் போகும் ஒரு நிலச்சுவான்தாரோ, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தாரோ ஏற்கட்டும். வாரம் ஒரு முறை அதைப் பார்த்துக் கையொப்பமிட்டு, ஏழு நாள் அறிகுறி கண்டால் விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பது மட்டும் உத்தியோகஸ்தர் கடமையாகட்டும். இக்குறிப்பேட்டைக் காட்டி நஷ்ட ஈடு வாங்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நஷ்டம் வராமல் தடுக்க அது உதவும். அதிகாரிகளை உரிய நாளில் வயலுக்கு அழைக்கவும் உதவும். மூன்று நான்கு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்துவிட்டால், எந்த ரகத்தை எந்த வாரத்தில் நட்டால் அதன் கதிர் பனி வாரத்துக்குத் தப்பும் என்பதையும் கிராமத்தாரே தீர்மானித்துக் கொள்ளலாம்.

மார்கழியில் கர்ப்போட்டம் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை. அந்தப் பதினான்கு நாட்களும் வானத்தையும் மேகத்தையும் காற்றையும் உற்றுப் பார்த்து, அடுத்த ஆண்டு மழை எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் கணிக்கிறார்கள். அவ்வளவு பொறுமையும் கூர்மையும் உடையவர்களுக்கு, அதே பதினான்கு நாட்களில் காலடியிலுள்ள நெல் இலையையும் குனிந்து பார்ப்பது சிரமமாக இராது. அடுத்த ஆண்டு மழையைப் பற்றிய விசாரணைக்கு ஓர் ஆண்டு அவகாசம் இருக்கிறது. இவ்வாண்டு விளைச்சலைப் பற்றிய விசாரணைக்கு ஏழு நாள் அவகாசமே உண்டு. கார்த்திகை முடிவதற்குள் ஒவ்வொரு கிராமத்தாரும் கூடி, குறிப்பேட்டை எழுதுவதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, உஷ்ணமானியை நிழலான ஓர் இடத்தில் மாட்டிவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.